மூன்றை அழுத்தியவள்

செக்கருக்கு எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். சட்டைக் கம்பெனியில் தைத்து முடித்து வரும் சட்டைகளை ட்யூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்து, பிசிறு, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. குற்றம் கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாகப் போடுவாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை, இப்படி ஒன்பது வருஷம், இரண்டு கம்பெனி. அந்தக் கண் வீட்டுக்கு வந்ததும் ஓய்வெடுத்துக்கொள்ளுமா? கடைக்காரன் கொடுத்த பருப்பு, புருஷன் சொன்ன காரணம், எதிர்வீட்டுக்காரியின் சிரிப்பு எல்லாவற்றையும் அதே மாதிரிதான் பிரித்து மேய்ந்தாள். கெட்ட காலம் என்னவென்றால், பாதிக்குப் பாதி அவள் சந்தேகம் சரியாகவும் இருந்துவிட்டது. நாலு தடவை அசடு வழிந்திருந்தால் கொஞ்சம் திருந்தியிருப்பாள்.

இதில் ஒரு சந்தேகத்துக்கு மட்டும் நாம் அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய கம்பெனியில், அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. மூன்றாம் மாசமே கூட வேலைபார்க்கும் லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நாள் வந்தபோது லிஸ்டில் அவள் பேர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அடுத்த மாசமே குழந்தையும் தங்கவில்லை. வேலையும் போய் வயிறும் போய் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மிட்டாய் தின்ற ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்ததால் வந்த வினை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இந்தத் தடவை காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை நடத்தினாள். இந்தக் கம்பெனியிலும் ஆறு மாச கான்ட்ராக்ட்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் கையெழுத்துப் போடும் நாளில் அவளுக்கு இருபத்திரண்டு வாரம் ஆகியிருக்கும். ஃபினிஷிங் பிரிவில் எல்லோருக்கும் தொளதொளவென்று ஒரு நீலக் கோட்டு உண்டு. அதற்குள் அதுவரை ஒளித்துவிட்டால், அப்புறம் ஆறு மாசத்துக்கு யாரும் அசைக்க முடியாது. குழந்தையும் நிற்க வேண்டும், வேலையும் நிற்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்ள அவள் தயாராக இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவள், ரொட்டி வண்டி ஓட்டும் அவள் புருஷன்.

பன்னிரண்டாவது வாரம் கிளினிக்குக்குப் போனாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதும் நர்ஸ் ஒருத்தி, நிமிராமலே கேட்டாள்.

"போன் நம்பர்?"

"எதுக்கு?"

"ரத்த ரிப்போர்ட் வந்தா சொல்ல வேண்டாமா? அப்புறம் வாரா வாரம் ஒரு போன் வரும். என்ன சாப்பிடணும், எப்படி சாப்பிடணும்னு சொல்வாங்க. கட் பண்ணாம கேளுங்க. அட்ரஸ் சொல்லுங்க, வீட்டுக்கும் ஆள் வந்து பாப்பாங்க."

ஆள் வருவார்கள் என்றதும் செக்கர் உஷாராகிவிட்டாள். காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டின் விலாசத்தை மளமளவென்று ஒப்பித்தாள். அந்தப் பொய்யைத் தடுமாறாமல் சொல்லி முடிப்பதிலேயே கவனம் போய்விட்டதால், போன் பற்றி நர்ஸ் சொன்னது பாதிதான் காதில் ஏறியது. நம்பர் மட்டும் சரியானது. ரிப்போர்ட் வேண்டுமே.

அவளுடைய போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புருஷனின் வண்டியிலிருந்து ஒருநாள் கீழே விழுந்ததிலிருந்து அதைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசும், அதுவும் ஊருக்கே கேட்கும்படி. புதிது வாங்கலாம் என்று புருஷன் சொன்னான். "எதுக்கு, உங்ககிட்ட நான் என்ன ரகசியமா பேசப்போறேன்," என்று அவள்தான் தள்ளிப்போட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு ஹாலில் எண்பது பேர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கும்போது, அந்த போன் அடித்தது. எடுத்தாள். "வணக்கம் அம்மா. இது உங்களுக்குப் பதினான்காவது..." என்று ஒரு பெண் குரல், சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடுத்த மாதிரி, ஆரம்பித்தது. "வாரம்" என்ற சொல் வெளியே வருவதற்குள் செக்கரின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல் விழுந்துவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. அணைத்தாள். மறுபடி. மூன்றாவது தடவையும் அணைத்துவிட்டு, யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் ஒரு சுற்று வந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நிம்மதியாக ஒரு கூட்டம் சாப்பிடுவதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. எத்தனாவது வாரம்னு எண்ணி வச்சுக்கிட்டு ஒருத்தி போன் பண்றா."

"கிளினிக்ல இருந்து வரும்னு நீதானே சொன்ன? கேட்டுத்தான் பாரேன், என்ன சொல்றாங்கன்னு. காசா பணமா?"

"சும்மா ஒருத்தி வாரா வாரம் கூப்பிட்டு, முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடுன்னு சொல்வாளா? எங்க அம்மாவே எனக்கு அவ்வளவு சொன்னதில்லை."

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். பதில் சொல்லாமல் போனதை அவள் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டாள். உங்க அக்காகிட்ட உளறினீங்களா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

எடுக்காவிட்டால் மூன்று தடவை அடிக்கிறது, எடுத்துவிட்டால் ஒரு தடவையோடு போய்விடுகிறது என்று புரிந்ததும், அடுத்த வாரங்களில் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் போனோடு பாத்ரூமுக்குப் போக ஆரம்பித்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, போனைக் கழுத்தோரம் அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். லைன் சூப்பர்வைசருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பேர். பாத்ரூம் போகிறவர்களை வாசலைப் பார்த்தபடியே நிமிஷம் எண்ணுகிற மனிதர். நாலு நிமிஷத்துக்குமேல் போனால் தொண்டையைச் செருமுவார். குரலும் நல்லவேளையாக மூன்றரை நிமிஷத்தில் முடித்துக்கொண்டது.

"இரும்புச்சத்து மாத்திரையை டீயுடனோ காபியுடனோ சாப்பிடாதீர்கள் அம்மா. அப்படிச் சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு சாப்பிடுங்கள்."

கோட்டுப் பையில் ஒளித்து வைத்த மாத்திரையைப் பத்தரை மணி டீயோடுதான் அவள் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தக் குரல்காரிக்கு எப்படித் தெரிந்தது? நிமிர்ந்து வென்டிலேட்டரைப் பார்த்தாள். கேமரா எதுவும் இல்லை, ஒரு பல்லி இருந்தது. கடைசியில் குரல் கேட்டது: "மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும். சாப்பிடவில்லை என்றால் இரண்டை அழுத்தவும். இப்போது நீங்கள் கர்ப்பமாக இல்லை என்றால் மூன்றை அழுத்தவும்." ஒன்றை அழுத்திவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

மறுநாளிலிருந்து மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைத் தண்ணீரோடு. சில வாரங்களில், ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கும்போது வரும் தலைச்சுற்றல் குறைந்துவிட்டது. கிளினிக்கில் ரத்தம் பார்த்ததிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் குரலுக்கு மனசுக்குள் ஒரு நன்றியாவது சொல்லியிருக்க வேண்டும். நம் செக்கர் என்ன செய்தாள்? இவ்வளவு சரியாகச் சொல்கிறவளுக்கு இன்னும் என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று யோசித்தாள்.

அதோடு நின்றிருந்தால் சரி. ஒரு செவ்வாய்க்கிழமை குரல், தினம் ஒரு முட்டை சாப்பிடுங்கள் என்றது. புதன்கிழமை பக்கத்து மேஜையில் இஸ்திரி போடும் அயர்ன் அக்கா, அவித்த முட்டை ஒன்றை அவள் டிபன் பாக்ஸின் மூடியில் உருட்டிவிட்டாள். வியாழக்கிழமையும் ஒன்று. வெள்ளிக்கிழமை செக்கரால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்குக்கா இது தினமும்? யாராவது கொடுக்கச் சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? வீட்ல மூணு கோழி இருக்கு." அயர்ன் அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் மூணு பெத்தவடி. கோட்டைப் போட்டா வயிறு தெரியாது, சரி. நடையை எங்க கொண்டுபோய் ஒளிப்ப? பேசாம சாப்பிடு."

செக்கர் முட்டையைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாவது ஆளுக்கும் தெரிந்துவிட்டது. அக்கா நல்லவள்தான், ஆனால் ஸ்டாப்வாட்ச் அவளிடம்தான் தன் சட்டையை இஸ்திரி போடக் கொடுப்பார். போடும்போது பேசாமலா இருப்பார்கள்? அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் செக்கரின் கை சட்டையில் இருக்கும், கண் அங்கே இருக்கும். அந்த வாரம் இரண்டு கறைச் சட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போய்விட்டன. ஒன்பது வருஷத்தில் நடக்காதது.

இதற்கு நடுவில் வெட்கக்கேடான ஒன்றும் நடந்தது. செவ்வாய்க்கிழமைக்கு அவள் காத்திருக்க ஆரம்பித்திருந்தாள். பதினெட்டாவது வாரம் குரல், "உங்கள் குழந்தைக்கு இப்போது காது கேட்கத் தொடங்குகிறது" என்றது. குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, செக்கர் குனிந்து, கோட்டின் மேல் கையை வைத்து, "கேக்குதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, யாராவது வெளியே நிற்கிறார்களா என்று கதவிடுக்கில் கால் நிழலைப் பார்த்தாள். யாரும் இல்லை. அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வருகைப்பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் போனைக் காதில் வைத்திருக்கிறாள். 'தாய்மார்களே, வாரம் ஒரு அழைப்பு' என்று பெரிய எழுத்து. அதே போன் நம்பர். மற்றவர்கள் விரலைப் பதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். செக்கர் நின்றாள். அடியில் இந்தத் திட்டத்துக்கு உதவுகிறவர்களின் முத்திரைகள் எறும்பு அளவில் அச்சாகியிருந்தன. மூன்றாவது முத்திரை, சட்டைக் காலருக்குள் தைக்கிற லேபிளில் இருப்பது. தினமும் நானூறு தடவை அவள் பார்க்கிற முத்திரை.

எல்லாம் இப்போது பொருந்திவந்தது. கம்பெனிதான் கூப்பிடுகிறது. நயமாகப் பேசி, முட்டை கீரை என்று ஆசை காட்டி, எவள் முழுக்கக் கேட்கிறாள், எவள் ஒன்றை அழுத்துகிறாள் என்று பேர் எழுதிக்கொண்டிருக்கிறது. லிஸ்ட் தயாராவதற்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. நானே குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து என் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அன்று முழுக்கக் குமைந்தாள். ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு எந்தக் கம்பெனியும் நாலு காசு கொடுத்துவிட்டுத் தன் முத்திரையைப் போட்டுக்கொள்ளும் என்று நீங்களும் நானும் சொல்லலாம். மிட்டாய் கொடுத்து வேலையை இழந்தவளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. குரல் நிலக்கடலையைப் பற்றியும் பச்சைக் கீரையைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டதும் மூன்றை அழுத்தினாள். "உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. நன்றி," என்றது குரல். என்ன பெரிய விஷயம், வெறும் பொத்தான்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் போன் அடிக்கவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள். ஆனாலும் சாப்பாட்டு வேளையில் கை தானாக போனை எடுத்துப் பார்த்தது. இருபதாவது வாரத்துக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை உதைக்க ஆரம்பித்தபோது, இது சரியான நேரமா, சீக்கிரமா, தாமதமா என்று கேட்க ஆளில்லை. அயர்ன் அக்காவிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

கையெழுத்து நாள் வந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஹாலிலேயே மேஜை போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். ஸ்டாப்வாட்ச் லிஸ்டோடும் பேனாவோடும் வந்து உட்கார்ந்துவிட்டார். லிஸ்டில் தன் பேர் இருப்பதைச் செக்கர் தலைகீழாகவே படித்துவிட்டாள். பதினேழாவது பேர். இன்னும் அரைமணி நேரம்.

போன் அடித்தது. வேறு நம்பர். ரொட்டி டிப்போவிலிருந்து புருஷன் கூப்பிடுகிறான், முடிந்ததா என்று கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள்.

"வணக்கம் அம்மா," என்றது அதே குரல், முன்னைவிட மெதுவாக. "உங்கள் குழந்தையின் இழப்புக்காக நாங்கள் வருந்துகிறோம். இந்தச் சமயத்தில் உங்கள் உடம்பு தேறுவது மிகவும் முக்கியம். போன ரத்தத்தை மீட்க..."

கட்டைவிரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. போன் கைநழுவி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்து, அங்கேயே கிடந்து பேசியது. எண்பது பேரும் வாயசைப்பதை நிறுத்திவிட்டார்கள். அயர்ன் அக்கா எழுந்து ஓடிவந்து, "ஐயோ, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி," என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அக்காவின் அழுகையில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஸ்டாப்வாட்ச் பேனாவைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். "எனக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றார். செக்கர் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள், ஒன்பது வருஷக் கண்ணால் பார்த்தாள். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கம்பெனி எழுதவில்லை, அக்கா சொல்லவில்லை, புருஷன் உளறவில்லை. இத்தனை மாசமும் அவளை யாரும் கண்காணிக்கவில்லை. "நாலு நாள் லீவு எடுத்துக்க, நான் எழுதித் தர்றேன். உன் பேரு இருக்கு. எழுந்து வரவேண்டாம், லிஸ்டை இங்கேயே கொண்டுவர்றேன், கையெழுத்து மட்டும் போடு."

அவள் கேட்டது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. பின் பெஞ்சிலிருந்து யாரோ தண்ணீர் நீட்டினார்கள். யாரோ தலையைத் தடவினார்கள். அன்றைக்கு நிஜமாகப் போன குழந்தைக்கு ஒருத்திகூட வந்து வருத்தப்படவில்லை. இன்றைக்கு உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஹால் முழுக்கத் துக்கம் விசாரிக்கிறது. அதற்குக் காது கேட்கும். தலையாட்டினால் போதும், பெற்றவளே அதை இல்லை என்று சொன்னதாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாயிற்று. அவளுக்கு அருவருப்பாக இருந்தது, தன்மேலேயே.

"...யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் பூஜ்யத்தை அழுத்தவும்," என்றது போன்.

அக்காவின் கையை விலக்கிவிட்டு அவள் பூஜ்யத்தை அழுத்தினாள். இரண்டு தடவை மணி அடித்தது. இந்தத் தடவை பாகில் ஊறாத, ஜலதோஷம் பிடித்த ஒரு நிஜக் குரல் வந்தது.

"சொல்லுங்கம்மா."

"மூணு வாரம் முன்னாடி நான் மூணை அழுத்தினேன்."

"ஆமாம்மா, இங்க பதிவாகி இருக்கு. ரொம்ப வருத்தமா..."

"அது பொய். வேலை போயிடும்னு பயந்து அழுத்தினேன். குழந்தை இருக்கு. காலைலகூட உதைச்சுது. என்னை மறுபடி சேத்துக்குங்க. வீட்டு விலாசமும் தப்பாத்தான் கொடுத்தேன், அதையும் மாத்தி எழுதிக்குங்க."

ஸ்டாப்வாட்ச் லிஸ்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "அப்போ உன் கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம்மா, அப்புறம் பாக்கலாம்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. அதனாலேயே அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதில் செக்கருக்குச் சந்தேகமே வரவில்லை.

"சேத்துடலாம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்லை," என்றது போன். "இப்போ எத்தனாவது வாரம்?"

"இருபத்திரண்டு," என்றாள். அழுகையில் குரல் உடைந்துவிட்டது.

"சரியா கேக்கலைம்மா."

அவள் முகத்தைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.